வலிக்காத வெள்ளைத் திட்டு

"வலிக்கவே இல்லையே, அப்புறம் எதுக்குப்பா டாக்டரு?"

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பாட்டிமாரிடம் வாயைத் திறந்து காட்டச் சொன்னால் வருகிற பதில் இது. வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். தே தாரிக் வரட்டும், அவசரமில்லை.

மலேசியாவில் இந்த நோய் எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. இந்தியர்களிடம் அதிகம், அதிலும் நம் பெண்களிடம். ஏன் என்று கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். விடியலில் பால்மரம் சீவப் போகும்போது பசியை அடக்கவும், வெயிலில் களைப்பு தெரியாமல் இருக்கவும் வெற்றிலை போட்ட தலைமுறை அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமான் வந்தது. பெட்டி மட்டும் கூடவே குடிமாறியது.

"நான் புகையிலை சேக்கிறதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. எது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்வது அதன் வேலை. புகையிலை கலந்த வெற்றிலையை 1980களிலேயே அது பட்டியலில் போட்டுவிட்டது. 2004-ல் வெளியான அறிக்கையில் புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கும், ஏன், பாக்கு தனியாகவும் அதே முதல் வரிசையில் ஏறின. சுண்ணாம்பின் காரம் பாக்கோடு சேரும்போது செல்களின் மரபணுவைக் கெடுக்கிற பொருள்கள் உண்டாகின்றன. போதாததற்குப் பாக்கு கன்னத்துச் சதையை உள்ளுக்குள் நாராக இறுக்கும்; வாய் சரியாகத் திறக்காது, காரம் பட்டால் எரியும். 1952-ல் இதை மருத்துவ உலகுக்கு முதலில் எழுதிக் காட்டியபோது, நோயாளிகள் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்கள். பாக்கு கப்பலேறிப் போன இடமெல்லாம் இதுவும் போயிருக்கிறது.

சரி, வாயில் எதைத் தேடுவது? துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதைவிடக் கவலைக்குரியது சிவப்புத் திட்டு. பிறகு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண். திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, பொய்ப்பல் உரசியும் புண் வரும். அதனால் பார்த்தவுடன் அழ வேண்டாம். ஆனால் எது மாறும், எது மாறாது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இதன் சூழ்ச்சி. வலியை நம்பிக் காத்திருப்பவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறார்கள்.

பார்த்தால் மட்டும் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு நம் பக்கத்து மண்ணிலேயே பதில் தேடினார்கள். 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற ஊழியர்கள். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டும். ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2005-ல் 'லான்செட்' இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப் புற்றால் இறந்தவர் விகிதம் 34 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த விழுக்காட்டில்தான் குடும்பங்கள் தடுமாறும். நூறு பேரில் 34 பேர் பிழைத்தார்கள் என்று அர்த்தமில்லை. பழக்கமுள்ள ஒரு லட்சம் பேரை ஒரு வருடம் கவனித்தால், வாயைப் பார்க்காத ஊர்களில் ஏறக்குறைய 45 பேர் இறந்தார்கள், பார்த்த ஊர்களில் 30 பேர். அவ்வளவுதான், ஆனால் அந்தப் பதினைந்து பேரும் யாரோ ஒருவரின் அம்மா அப்பாதான். பழக்கமே இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது உறுதியான பலன் தெரியவில்லை. ஆகவே ஊரையே வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. வெற்றிலைப் பெட்டி வைத்திருப்பவரை முதலில் கூட்டிப் போங்கள்.

எங்கே என்றால், அரசாங்கப் பல் கிளினிக்குக்கு. தோட்டத்து இந்தியர்களையும் சபா, சரவாக் பூர்வகுடிகளையும் மனத்தில் வைத்து 1997-லேயே சுகாதார அமைச்சு இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. பல்லைப் பிடுங்க மட்டும்தான் பல் டாக்டர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திட்டு சந்தேகமாக இருந்தால் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, சின்னத் துணுக்கு ஒன்றை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இங்கேதான் சித்தப்பா குறுக்கே நிற்பார்: "கத்தி பட்டா பரவிடும்." கத்தி வைத்த பிறகு இறந்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது, கத்தி வைக்கும் முன்பே நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்கு இறங்கியிருந்தது அதன் கண்ணில் படவில்லை. துணுக்கெடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டரும் சிகிச்சையைத் தொடங்க முடியாது.

புற்று என்று உறுதியானால் பெரும்பாலும் முதலில் அறுவை, தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சு. கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கோ, வடக்கே பெர்த்தாமுக்கோ தினமும் யார் காரோட்டுவது என்று குடும்பம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு முன்பே சொத்தைப் பல்லையெல்லாம் பார்த்து முடித்துவிடச் சொல்வார்கள். "இருக்கிற வேதனையில் பல் வேறா" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கதிர் பட்ட தாடையெலும்பு அப்புறம் பல் பிடுங்கினால் ஆறுவது கடினம்.

சில இடங்களில் "ஆய்வில் சேருகிறீர்களா?" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம், மறுக்கலாம், சேர்ந்த பின் பாதியில் விலகலாம். மறுத்தால் வழக்கமான சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும் அன்று இரண்டு விஷயம். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டு வாயைக் காட்டச் சொல்லுங்கள். திட்டு அதன் அடியில் ஒளிந்திருக்கும். டாக்டர் "எத்தனை வருஷமா போடுறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்பார். பாட்டி "எப்பவாச்சும்" என்பார். பக்கத்தில் இருக்கும் நீங்கள் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.