வீடு இங்கே, கடை அங்கே

என் அக்கா மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. அடுத்த வாரம் பஸ்ஸில் மதுரைக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறுகிறான். அதற்குமுன் ஒரு சாயங்காலம் தூத்துக்குடி பீச் ரோட்டில், பழைய துறைமுகத்துப் பக்கம், இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு தோணியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலத்தீவுக்குப் போகிற தோணி. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

“மாமா, இங்கேருந்து கொழும்பு கடல் வழியா எவ்வளவு தூரம்?”

“152 கடல் மைல். கிலோமீட்டர்ல சொன்னா 280 வரும்.”

“அப்போ ராத்திரி ஏறினா காலையில இறங்கிடலாம். நான் எதுக்கு மதுரைக்குப் போறேன்?”

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லி முடிக்க இன்னும் இரண்டு டீ சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டு வேலை என்றதும் இன்று நம் மனசில் துபாயும் தோஹாவும்தான் வருகின்றன. போகிறவர் ஊரை விட்டுப் போகிறார். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து லீவில் வருகிறார். தூத்துக்குடிக்காரருக்குக் கொழும்பு அப்படி இருந்ததில்லை. வீடு இங்கே, கடை அங்கே. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே, கல்லாப்பெட்டி அங்கே. என் தாத்தா எட்டு மாதம் அங்கே இருப்பார், நாலு மாதம் இங்கே இருப்பார். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. “கொழும்புக்குப் போயிருக்காங்க” என்பார்கள், திருநெல்வேலிக்குப் போயிருப்பதைச் சொல்கிற அதே குரலில்.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. தென்மேற்குப் பருவக்காற்று மும்முரமாக வீசுகிற காலம் அது. பாய்மரத் தோணிகள் ஓடாமல் கட்டிக் கிடக்கும். தோணித் தலைவரான தண்டலும் கூட வேலை செய்கிறவர்களும் கரையில்தான் இருந்தாக வேண்டும். திருவிழா நேரத்தில் தோணிக்கார வீடுகளில் ஆண்கள் இருந்தார்கள் என்றால் அதற்குப் பக்தியோடு காற்றும் ஒரு காரணம்.

போனவர்கள் ஒரு சாதி, ஒரு மதம் என்றில்லை. இங்கிருந்து பரதர்கள் துணிக்கடையும் கப்பல் தொழிலுமாகப் போனார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் முஸ்லிம் வியாபாரிகள் ரத்தினக்கல் வாங்கி விற்கப் போனார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து நாடார்கள் கடை வைக்கப் போனார்கள். சிலர் அங்கேயே வேரூன்றினார்கள். பரதர் குடும்பத்தைச் சேர்ந்த ஐ.எக்ஸ். பெரைரா 1924-ல் இலங்கைச் சட்டசபைக்கு இந்தியர்களின் பிரதிநிதியாகப் போனார். இலங்கையின் 2012 குடிசனக் கணக்கெடுப்பில் ‘பரதர்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது.

“அப்போ கப்பல் விட்ட வெள்ளைக்காரன்தான் இதை ஆரம்பிச்சு வச்சானா?” என்றான் மருமகன். இல்லை. அவனுக்கு முன்பே முத்து ஆரம்பித்து வைத்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் முத்துச்சிப்பி விளைகிற கடலடித் திட்டுகள், அதாவது பார்கள், உண்டு. பார் ஒவ்வொரு வருடமும் விளையாது. சில சமயம் பத்து இருபது வருடம்கூட வெறுங்கடலாகக் கிடக்கும். இந்தக் கரையில் விளையாத வருடம் அந்தக் கரையில் விளைந்திருக்கும். அப்போது இங்கே முத்துக் குளிக்கிறவர்கள் அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் போவார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் அசையாமல் கிடக்கிற நாட்களில்தான் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடக்கும். ஆள் இல்லாத மணல்மேட்டில் ஓலைக் கொட்டகைகளாக ஓர் ஊரே எழும்பும். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் இருக்கும். சிப்பி தீர்ந்ததும் ஊரும் தீரும். குளித்து எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு சர்க்காருக்கு. 1905-ல் மரிச்சுக்கட்டியில் நடந்தது மிகப் பெரிய சலாபம். அடுத்த வருடம் அங்கே உத்தியோகம் பார்த்தவர்களில் ஒருவர், பிற்பாடு எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவராகப் பெயர் தெரிந்த லியோனார்ட் வுல்ஃப். நம் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். இந்த மனிதர்களுக்குக் கடல் ஒன்றுதான், கரைதான் இரண்டு. அவர்கள் பழக்கிவிட்ட பாதையில்தான் பின்னாலே கப்பல் வந்தது.

கப்பல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மதராஸில் ரயில் ஏறி, இங்கே இறங்கி, கொழும்புக் கப்பலைப் பிடிக்கலாம். அன்றைக்கு இலங்கைக்குப் போகிற ராஜபாட்டை இதுதான். நம் பழைய துறைமுகம் ஆழமில்லாதது. கப்பல் பல மைல் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிச் சனங்களும் இந்த வழியில் போனார்கள். அவர்களை நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. இன்று நாம் பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் கடந்து போகிற அதே தட்டப்பாறைதான்.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. மறு வருடம் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. இந்தக் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. அதனாலேயே நாம் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதியை இங்கே சொல்ல வேண்டும். போட்டியில், ஏற்கெனவே கொழும்புக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. நாம் குடையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். எனக்கு அந்த எட்டணா பெரிதாகத் தெரிகிறது. இரண்டு நாட்டுக்கும் நடுவே வாழ்கிறவனுக்குத் தேசப்பற்றுக்கு முந்தி வேண்டியது டிக்கெட். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால் கடைப் பையனும் கப்பல் ஏற முடிய வேண்டும். கட்டணம் குறையக் குறைய அவனால் ஏற முடிந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறையில் வைத்தார்கள். 1911-ல் கம்பெனியும் கலைந்தது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல் பயணம். கொழும்புக் கப்பலுக்காக இங்கே வந்துகொண்டிருந்த போட் மெயில் ரயில் அந்தப் பக்கம் திரும்பியது. நமக்குத் தோணி மிஞ்சியது. தூத்துக்குடித் தோணிக்காரர்களின் அந்தக் காலத்தை ஜோ டி குருஸ் ‘கொற்கை’ நாவலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இதைச் சொல்லும்போது மருமகன் டீயை ஆறவிட்டான்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால்தான், அல்லது தகப்பன் வழியில் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. மற்ற இந்தியர்களுக்காக 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-க்கு முந்தி, கல்யாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இலங்கையில் விடாமல் குடியிருந்திருக்க வேண்டும். நடுவே ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருடம் அவகாசம்.

இப்போது என் தாத்தாவை அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். கடை புறக்கோட்டையில் இருக்கிறது. வரி கட்டுகிறார். சிங்களம் பேசுகிறார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறார். ஆனால் பாட்டி தூத்துக்குடியில், பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில். அவர் வாழ்ந்த விதமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ‘உன் வீடு எங்கே?’ என்று சட்டம் கேட்டது; ஒரே ஒரு ஊரைத்தான் பதிலாக ஏற்றுக்கொள்ளும். இரண்டு ஊரைச் சொன்னவர் இரண்டிலும் பாதி என்று எண்ணப்பட்டார். இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தோட்டத்துத் தொழிலாளிகளுக்கு நடந்தது இதைவிடப் பெரிய அநியாயம். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடுகூட இல்லை.

அதே சமயத்தில் பாஸ்போர்ட்டும் விசாவும் தற்காலிக வதிவிட அனுமதியும் வந்தன. அனுமதி முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பது ஒவ்வொரு தடவையும் கடினமாகிக்கொண்டே போயிற்று. இலங்கையில் ஒரு வசைச் சொல் புழக்கத்துக்கு வந்தது: கள்ளத்தோணி. அனுமதி இல்லாமல் வந்தவரைச் சொல்ல ஆரம்பித்து, பிறகு இந்திய வம்சாவளியினர் எல்லாரையும் இழிவாகச் சுட்டுகிற சொல்லாகிவிட்டது. இந்த ஊரில் தோணி என்பது சோறு போட்ட சொல். பெண் கொடுக்கும்போது ‘தோணிக்கார வீடு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். தாத்தா கடையை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு அந்த வசையை ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்று அம்மா சொல்வாள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1964 அக்டோபர் 30-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 1983-க்குப் பிறகு போர் மூண்டு அதுவும் நின்றது.

“நடுவுல ஒரு கப்பல் விட்டாங்களே மாமா, நான் ஸ்கூல்ல படிக்கும்போது?” அவனுக்கு நினைவிருக்கிறது. 2011 ஜூன் 13-ல் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ இங்கிருந்து கொழும்புக்குக் கிளம்பியது. ஊரே திரண்டு பார்த்தது. நவம்பரில் நின்றுவிட்டது. கட்டுப்படியாகவில்லை என்றார்கள். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அவசரக்காரனும் காசுள்ளவனும் விமானத்தில் போய்விடுவான். கப்பலுக்கு உண்மையான வாடிக்கையாளர் மூட்டையோடு போகிற சின்ன வியாபாரியும், நாலு பேராகக் கல்யாணத்துக்குப் போகிற குடும்பமும், வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் போகிற யாத்திரிகர்களும். அவர்கள் ஒரே மாதத்தில் வந்து குவிய மாட்டார்கள். கால் நூற்றாண்டு அறுந்து கிடந்த பழக்கம் திரும்ப இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதுவரைக்கும் நஷ்டத்தைத் தாங்க அரசு கைகொடுக்க வேண்டும். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்ட கப்பலும் முதலில் நின்றது. ஆனால் அதைக் கைவிடவில்லை. 2024 ஆகஸ்ட்டில் மறுபடி விட்டார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

சரக்குக்கு இந்தக் கடல் மூடிக் கிடக்கவில்லை. நம் துறைமுகத்துக் கன்டெய்னர்கள் பல சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் உலகத்துக்குப் போகின்றன. 2022-ல் இலங்கை பட்டினியில் தவித்தபோது, ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசி கப்பலேறியது இந்தத் துறைமுகத்தில்தான்.

டீக்கடையில் எழுந்திருக்குமுன் மருமகனிடம் நடைமுறை விஷயம் கொஞ்சம் சொன்னேன். டூரிஸ்ட் விசாவில் போய் ஒரு நாளும் வேலை பார்க்காதே. வேலைக்கு உண்டான வதிவிட விசா முதலாளி வழியாகக் கைக்கு வரட்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. போகிற தேதி, வருகிற தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வை. ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்தாயா இல்லையா என்பதை வைத்துத்தான் வருமான வரிக்காரர்கள் உன்னை உள்நாட்டவனா வெளிநாட்டவனா என்று தீர்மானிப்பார்கள். இங்கே இருக்கிற சேமிப்புக் கணக்கை, நீ அங்கே குடியேறினதும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பாங்க்கில் எழுதிக் கொடு. தாத்தா காலத்தில் சட்டம் நாள் எண்ணும் என்று ஒருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

“அம்மாவ யாரு பார்த்துப்பாங்க மாமா?” என்று கேட்டான். நான் இருக்கிறேன் என்றேன். ஆனால் அவன் கேட்டது அதை அல்ல. அவசரமென்றால் எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செலவில் வந்து சேர முடியும் என்பதைக் கேட்டான்.

வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து இன்று கொழும்புக்கு ஒரு பயணிகூட டிக்கெட் வாங்கிக் கப்பலேற முடியாது. வாரத்துக்கு ஒரு கப்பல், சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணம், மூட்டைக்கும் இடம், இவ்வளவுதான் கேட்கிறோம். கொழும்பில் மகனோ மாமனோ உள்ள ஒவ்வொரு வீடும் இதைக் கேட்டு நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் துறைமுகத் தலைவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினாலே போதும்.