கூட்டமில்லாப் பனிமலையில் ஒரு குடும்பம்

சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு நாள் நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தொழுதபின், தேக்கா சந்தையின் உணவுக்கடை ஒன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், "வணக்கம் ஐயா" என்ற குரல் கேட்டுத் திரும்பினோம். நம் பள்ளியில் பயின்று, இன்று அந்நகரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், மனைவி, மக்கள் இருவர், தாயார் ஆகியோருடன் நின்றிருந்தார். அத்தாயார் நம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். குடும்பத்தினர் ஐவரும் அமெரிக்க நாட்டின் மேற்கு மலைகளுக்குச் சென்று, பனியில் சறுக்கி விளையாடிவிட்டுத் திரும்பிப் பத்து நாள்களே ஆகியிருந்தன.

இச்செய்தியை வகுப்பில் கூறியபோது மாணவர்கள் தொடுத்த வினாக்கள் பல. பனி எப்படி இருக்கும்? விழுந்தால் வலிக்குமா? மலையில் ஏறுவது எவ்வாறு? நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் வினா எழுப்பவில்லை. "அது பணக்காரர் விளையாட்டு, ஐயா. நமக்கு எதற்கு?" என்றான். அவனுக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் பனி என்னும் சொல்லைக் காண்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும் அவர்கள் கண்ட பனி பெரும்பாலும் புல்நுனியில் துளிக்கும் பனியும், விடியலில் வயலை மூடும் மூடுபனியுமே ஆகும். உதகமண்டலத்தில் குளிர்கால இரவுகளில் புல்தரை வெண்மையாகிவிடும், அஃது உறைபனி. வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து குவிவதோ வெண்பனி. நாம் ஈண்டுக் கூறப்போவது அவ்வெண்பனியைப் பற்றியே.

மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். கேமரன் மலையில் நமக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருப்பது இதனாலேயே. ஆனால் நாம் வாழ்வது நிலநடுக்கோட்டின் அருகில். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையுச்சியிலும் நிலையான வெண்பனி இல்லை. அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரோ வடக்கே வெகுதொலைவில் உள்ளது. பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று முதலில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மோதி, கனத்த பனியைக் கொட்டுகிறது. பிறகு நெவாடாவின் வறண்ட நிலத்தைக் கடந்து, உட்டா, ஐடஹோ, வயோமிங் மாநிலங்களின் மலைகள்மேல் ஏறுகையில் எஞ்சிய ஈரத்தையும் உதறுகிறது. இங்கு விழும் பனி மிகவும் இலேசானது. பத்து வாளிப் பனியை உருக்கினால் ஒரு வாளி நீர்கூடக் கிடைப்பது அரிது. மற்றவை அனைத்தும் இடையே சிக்கிய காற்றே. இலவம்பஞ்சுக் குவியலில் விழுவது போன்றது என்றார் நம் மாணவர். பனிச்சறுக்கில் ஈடுபட்டோர் இம்மலைகளைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

இனி, அது பணக்காரர் விளையாட்டு என்ற கூற்றுக்கு வருவோம்.

பனிச்சறுக்கு விளையாட்டாகப் பிறந்ததன்று. வடநாட்டுப் பனிவெளிகளில் வேட்டைக்கும் விறகுக்கும் செல்ல ஏழை மக்கள் காலில் கட்டிய பலகை அது. நம் கடலோரச் சேற்றில் சிப்பி பொறுக்குவோர் ஒரு பலகைமேல் முழந்தாளிட்டு, மறுகாலால் உந்திச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். வெறுங்காலுடன் இறங்கினால் இடுப்பளவு புதைவர். பலகை உடலின் பாரத்தைப் பரப்பிவிடுவதால் மிதந்து செல்கின்றனர். பனியிலும் அதே முறைதான். இன்றைய சறுக்கு முறைக்கு வழிகாட்டியவராகப் போற்றப்படும் சோந்ரே நூர்ஹைம், 1825இல் நார்வே நாட்டின் தெலமார்க் என்னும் மலைநாட்டில், சொந்த நிலமற்ற குடியானவர் வீட்டில் பிறந்தவர். குதிகாலையும் சேர்த்துப் பலகையோடு பிணைத்து, கால் கழலாமல் துள்ளவும் திரும்பவும் வழிசெய்தார் அவர்.

அதே தெலமார்க்கில் 1827இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற ஜான் தாம்சன் என்பவரின் வரலாறு நம் தோட்ட மக்கள் அறிய வேண்டியது. சியரா நெவாடா மலையின் இருபுறத்து ஊர்களுக்கிடையே குளிர்காலத்தில் அஞ்சல் செல்ல வழியில்லாதிருந்தது. 1856ஆம் ஆண்டு முதல், தம் கையாலேயே செய்த ஏறத்தாழ 3 மீட்டர் நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, கலிபோர்னியாவின் பிளேசர்வில்லிலிருந்து மலையைக் கடந்து கிழக்கே ஜெனோவா என்னும் ஊர்வரை அவர் கடிதமூட்டையைச் சுமந்தார். தூரம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். போக மூன்று நாள். திரும்ப இரண்டு நாள். முதுகில் சில வேளைகளில் 40 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். போர்வைகூட எடுத்துச் செல்வதில்லை. ஏறக்குறைய இருபது குளிர்காலம் இவ்வாறு உழைத்தார். மக்கள் அவரைப் 'பனிக்காலணித் தாம்சன்' என்று அன்புடன் அழைத்தனர். ஆனால் அந்த உழைப்புக்குரிய ஊதியத்தை அரசு வழங்கவில்லை. வாஷிங்டன் வரை சென்று முறையிட்டும் பயனின்றி, 1876இல் மறைந்தார். கூலி கேட்டு அலுவலக வாயிலில் நின்றோர் வரலாறு எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

மலையில் ஏறுவது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை இன்னும் சுவையானது. முற்காலத்தில் நடந்தே ஏறினர். காலை முழுதும் ஏறிச் சில நிமிடங்களில் சறுக்கி முடிப்பர். 1936ஆம் ஆண்டில் யூனியன் பசிபிக் இரயில் நிறுவனம், தன் இரயில்களுக்குப் பயணிகளைச் சேர்க்கும் நோக்கத்துடன், ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்னும் பனிமலை விடுதியைத் திறந்தது. அங்கு மக்களை மேலேற்ற ஒரு வழி காணுமாறு பணிக்கப்பட்ட பொறியாளர்களுள் ஜேம்ஸ் கரன் என்பவர், முன்னர்த் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கப்பலேற்றும் கம்பிவடப் பொறிகளை அமைத்தவர். ஓடும் கம்பிவடத்தில் கொக்கிகள் தொங்கும்; கொக்கிதோறும் ஒரு தார் ஏறிச் செல்லும். கொக்கிக்கு மாற்றாக நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். உலகின் முதல் கம்பிவட நாற்காலி அவ்வாறு உருவாயிற்று. வெப்பநாட்டு வாழைத்தாரே பனிநாட்டானை மலையேற்றியது!

கம்பிவடம் நம்மவர்க்கும் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியே கீழே கோட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றன. அங்கே பெட்டி இறங்கியது. இங்கே மனிதர் ஏறுகின்றனர்.

நம் மாணவரின் குடும்பப் பயணத்தைக் கூறுவோம். இஃது அவர்களது இரண்டாம் பயணம். முதன்முறை, சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் வாரத்தில் பெயர் பெற்ற பெரிய மலை ஒன்றுக்குச் சென்றனர். வண்டி நிறுத்த ஒரு வரிசை, நுழைவுச்சீட்டுக்கு ஒரு வரிசை, நாற்காலி ஊர்திக்கு ஒரு வரிசை. பிள்ளைகள் நாள் முழுதும் சறுக்கியது ஐந்தே முறை. இத்தகைய பெரிய மலைகளில் நெருக்கடியான நாள்களில் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணமே 200 அமெரிக்க டாலருக்கு மேல். "பணத்தைப் பனியில் போட்டேன் ஐயா, வரிசையில் நின்றேன்" என்றார்.

கூட்டம் ஏன் சேருகிறது? காரணங்களை அறிந்தால் விலகுவதும் எளிது. முதலாவது நாள்காட்டி. அமெரிக்கர் மலைக்குத் திரள்வது கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், ஜனவரி, பிப்ரவரித் திங்களின் நீண்ட வார இறுதிகளிலும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையோ நவம்பர் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே டிசம்பர் முதல் இரு வாரங்களில், அமெரிக்கப் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, நம்மவர் மலையில் இருக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: அப்போது பருவம் தொடங்கும் காலம். உயரமும் பனிப்பொழிவும் மிகுந்த மலையைத் தேர்ந்தெடுக்காவிடில், புல்லும் கல்லும் தெரியும் சரிவுகளே வாய்க்கும். ஜூன் விடுமுறையில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோர்க்கும் இதுவே நிலை. அங்கு அப்போதுதான் பருவம் பிறக்கும்.

இரண்டாவது காரணம் பருவச்சீட்டு. 2008இல் எப்பிக், 2018இல் ஐக்கான் எனப் பல மலைகளுக்குப் பொதுவான சீட்டுகள் வந்தன. அவற்றை வாங்கியோர் அனைவரும் அதே மலைகளை நாடுவதில் வியப்பில்லை. மூன்றாவது தொலைவு. விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள மலைக்குக் கூட்டம் போகும். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டிய மலைக்குப் போகாது.

இவற்றை எண்ணிப் பார்த்து, அவர்கள் இம்முறை தேர்ந்தது வயோமிங் மாநிலத்துக் கிராண்ட் டார்கி என்னும் மலை. தீட்டன் மலைத்தொடரின் கிழக்கே விமான நிலையத்துடன் ஜாக்சன் ஹோல் என்னும் புகழ்பெற்ற இடம் உள்ளது. செல்வர் கூட்டம் அங்கே இறங்கிவிடும். மேற்குச் சரிவிலுள்ள டார்கிக்கோ பக்கத்து மாநிலமான ஐடஹோவின் வழியாக மட்டுமே சாலை உண்டு. அவ்வழியெங்கும் உருளைக்கிழங்கு வயல்கள். 1969இல் இம்மலையைத் திறந்ததே கிழக்கு ஐடஹோ மக்கள்தாம். தம் வட்டாரத்துக்கு ஒரு வருவாய் வேண்டிக் கூடி முயன்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் பனி பொழியும் இடம் அது. சான் பிரான்சிஸ்கோவில் விமானம் மாறி, சால்ட் லேக் நகரில் இறங்கி, வாடகை வண்டியில் வடக்கே சென்றனர். வழியிலுள்ள சிற்றூரில் ஓர் இரவு தங்கியது அறிவுடைய செயல். அடிவாரமே 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்குக் காற்று மெல்லியது. கடல்மட்டத்தில் வாழும் நமக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் தோன்றக்கூடும். மருமகளுக்குத் தலைவலி வந்தது. மிகுதியாக நீர் பருகி, ஓய்வெடுத்து, மறுநாள் தேறினார். தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் தொடருமாயின் தயங்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

ஆடையைப் பற்றி ஒரு சொல். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். பனியில் அது தீங்கு. உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் கதகதப்பான சட்டை, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி என மூன்று அடுக்கு வேண்டும். உள்ளாடைகளை முஸ்தபா அங்காடியில் வாங்கினர். சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம் ஆகியவற்றை மலையிலேயே வாடகைக்கு எடுத்தனர். கறுப்புக் கண்ணாடியை மறக்கலாகாது. புதிய பனி கதிரொளியின் பெரும்பகுதியை அப்படியே திருப்பியடிக்கும். கண் கூசிப் புண்ணாகும், முகம் கறுத்துவிடும்.

பிள்ளைகள் குளிரை முன்பே சிறிது பழகியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் ஜூரோங்கில் திறக்கப்பட்ட ஸ்னோ சிட்டி என்னும் பனிக்கூடத்தில் இரப்பர் வளையத்தில் அமர்ந்து சறுக்கியவர்கள் அவர்கள். (அந்த இரப்பர் எந்தத் தோட்டத்துப் பாலோ என்று நாம் எண்ணிக்கொண்டோம்.) எனினும் வளையம் வேறு, பலகை வேறு. முதல் நாள் முழுதும் பயிற்சியாசிரியரிடம் கற்றனர். முதற்பாடம் ஓடுவதன்று, நிற்பது. இரு பலகைகளின் முனைகளை அருகருகே கொணர்ந்து, குதிப்பக்கத்தை அகட்டி, கூரை முகடு போல் அமைத்தால் உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகத்தைத் தடுக்கும். திரும்ப வேண்டுமாயின் ஒரு காலில் பாரத்தை ஏற்ற வேண்டும். வலக்காலில் ஏற்றினால் இடப்பக்கம் திரும்பும். சரிவைக் கண்டு அஞ்சிப் பின்னால் சாய்பவரே விழுவர்; சற்று முன்சாய்ந்து நிற்பவர்க்குப் பலகை கட்டுப்படும். பத்து வயது மகள் நண்பகலுக்குள் கற்றுக்கொண்டாள். தந்தையார் மூன்று நாள் விழுந்தார். பெரிதாக விழுந்தால் பலகை காலிலிருந்து தானே கழன்றுவிடும் அமைப்பு உண்டாதலின் எலும்புக்கு ஊறு நேரவில்லை.

வழிகளுக்கு நிறக்குறிகள் உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது; நீலச் சதுரம் நடுத்தரம்; கறுப்பு வைரம் கடினம். கயிறு கட்டித் தடுத்த இடத்திற்குள் எவரும் நுழையலாகாது. அங்குப் பனிச்சரிவு மனிதரைப் புதைத்துவிடும்.

வெப்பநாட்டவரால் இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவும் சிங்கப்பூரும் முதன்முதலாகப் பங்கேற்றன. மலேசியாவின் ஜெஃப்ரி வெப் மலைச்சரிவுச் சறுக்கிலேயே போட்டியிட்டார்.

செலவு சிறிதன்று என்பதை மறைக்கமாட்டோம். நான்கு ஆண்டுகள் திங்கள்தோறும் சேமித்த பணத்தில் அவர்கள் சென்றனர். கடன் வாங்கிச் செல்ல எண்ணுவோரை நாம் தடுக்கவே செய்வோம். அத்தகையோர்க்குக் கேமரன் மலை இருக்கிறது. அங்கும் பள்ளி விடுமுறையல்லாத வார நாள்களே நன்று.

பாட்டியார் சறுக்கவில்லை. காலணி மாட்டிப் பனியில் நடந்தார். கையில் அள்ளிப் பார்த்தார். பெரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்னும் விடாததால், நாள்தோறும் விடியலுக்கு முன் நான்கு மணிக்கே எழுந்து சன்னலருகே அமர்ந்திருப்பாராம். அவ்விருளில் மலைச்சரிவில் சில விளக்குகள் மேலும் கீழும் ஊர்வதைக் கண்டார். சறுக்குவோர் வருமுன் பனியைச் சீவிச் சமன்செய்யும் பொறிவண்டிகளின் விளக்குகள் அவை. இரவெல்லாம் அவ்வேலை நடக்கும்.

"வாத்தியார் ஐயா, நம்ம நெத்தி விளக்கு மாதிரியே இருந்துச்சு. அவங்களுக்கு எத்தனை மணிக்குப் பெரட்டுன்னு மகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியலே" என்றார்.