காட்டுத் தீயால் விளையும் கேடு

மாசி, பங்குனியில் முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் தரையெங்கும் சருகு மூடிக் கிடக்கும். புதுப்புல் தழைக்குமென்று சிலர் அதற்குத் தீயிடுவதுண்டு. அவ்வெண்ணம் முழுப் பொய்யன்று. மழைக்குப்பின் சாம்பலின் உரத்தால் பசும்புல் துளிர்க்கவே செய்கிறது. ஆனால் அப்புல்லுக்கு நாம் கொடுக்கும் விலை யாது?

தேக்கு, வேங்கை முதலிய முதிர்ந்த மரங்களைத் தடித்த பட்டை காக்கிறது. முழ உயரக் கன்றுகளுக்கு அக்கவசம் இல்லை, அவை கருகுகின்றன. வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தாலும், ஆண்டுதோறும் தீ வருமாயின் அவை மரமாக வழியில்லை. பெருமரங்கள் நிற்பதால் காடு நலமாயிருப்பதாகவே தோன்றும்; அவை பட்டுப்போனபின் அவ்விடத்தை நிரப்ப இளமரம் இராது. உண்ணிச்செடியோ எரிந்த அடிக்கட்டையினின்றும் விரைந்து தழைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட செடி இது! இதன் புதரடியில் புல் முளைப்பதரிது. தின்ற மாடுகளும் நோயுறும்.

யானையும் மானும் பெரும்பாலும் ஓடித் தப்பும். ஆமையும், தரையில் முட்டையிடும் கௌதாரியும் எங்கே ஓடும்? சருகிழந்த மண்ணில் மழைநீர் ஊறாமல் ஓடி, மேல்மண்ணை ஓடைகளிலும் ஏரிகளிலும் சேர்க்கிறது. ஆகவே காட்டோரப் பஞ்சாயத்துக்கள் தை மாதத்திற்குள்ளாகவே வனத்துறையினரைக் கலந்து, தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவு செய்ய ஆள் உதவி அளித்தல் வேண்டும்.