வகுப்பறை ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறதா?

காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயாரை வேண்டி வரும் பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்ததும் பயறு முளைத்திருந்தால் பிள்ளை வரம் உறுதி என்பது நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்குமா என்று வாதாட நான் வரவில்லை. ஒரு பிள்ளைக்காகப் பெற்றவர்கள் எந்த அளவுக்கு இறங்கி வேண்டுவார்கள் என்பதற்கு அந்த மடிப் பயறே போதும். அப்படிப் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? யூனிபார்ம், பஸ் வசதி, இங்கிலீஷ் மீடியம். ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் அது உட்காரப்போகும் அறையில் காற்று வருமா என்று ஜன்னலை இழுத்துப் பார்த்தவர்கள் குறைவு. கொரோனா வந்து போன பிறகும் குறைவுதான்.

கேட்டது ஒரே ஒரு கேள்வி

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை, 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நவம்பர் 16 அன்று திறப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. துணிக்கடை நெரிசலும் ஊருக்குப் போய்வந்த பஸ் கூட்டமும் கலையும் முன்பே பிள்ளைகள் வகுப்பில் உட்கார வேண்டும். வடகிழக்குப் பருவமழை வேறு. பெற்றோர் தரப்பில் முணுமுணுப்பு எழுந்தது. நவம்பர் 9 அன்று மாநிலம் முழுவதும் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். மூன்று நாள் கழித்து, நவம்பர் 12 அன்று, திறப்பு தள்ளிவைக்கப்பட்டது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அரசாணை வந்தபின் ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்’ என்று தறிக்காரரையும் கொத்தனாரையும் வரிசையில் நிற்கவைத்துக் கேட்டதும், கேட்டபின் முடிவு மாறியதும் நம் ஊரில் தினம் நடப்பதில்லை. 2021 ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். இம்முறை பெரும்பாலோர் சரி என்றனர். ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் மட்டும் திறந்தன. அறைக்கு 25 பேர், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் என்று ஏற்பாடுகள்.

ஆனால் இரண்டு முறையும் கேட்டது ‘திறக்கலாமா, வேண்டாமா’ என்பது மட்டும்தான். எப்படித் திறப்பது என்று யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக்கு இடம் இருந்தது, நிபந்தனைக்கு இடம் இல்லை. மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் 50-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று உறுதியானது. சில நாட்களில், மார்ச் 22 முதல், 10ஆம் வகுப்பும், இடையில் திறந்திருந்த 9, 11ஆம் வகுப்புகளும் மீண்டும் மூடப்பட்டன. பூட்டு அல்லது திறப்பு, இடையில் ஒன்றும் இல்லை.

பூட்டியதால் தப்பித்தோமா?

மூடிவைத்தால் பிள்ளைகள் பத்திரம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு அந்த நினைப்பைக் கலைத்தது. 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேரின் ரத்தத்தில் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்பணுக்கள் இருந்தன. எல்லா வயதினரையும் சேர்த்தால் 67.6. சிறுவர்களுக்கு அன்று தடுப்பூசியே கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே 2022 ஜனவரி 3-இல்தான் தொடங்கியது. ஆகவே அத்தனையும் நோய் வந்து போன தடம். சிறிய வகுப்புகள் ஓராண்டுக்கு மேலாகப் பூட்டிக்கிடந்தும், நோய் வீட்டுக்குள் வந்து பிள்ளைகளைத் தொட்டுவிட்டுத்தான் போனது.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். முன்னறையில் தறிக்குழி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பா, பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றும் அம்மா, மூலையில் பாட்டி. அதே அறையில்தான் சாப்பாடு, படுக்கை, போனில் பாடம். ஒருவர் இருமினால் நாலு பேரும் அதைத்தான் சுவாசிக்க வேண்டும்.

பூட்டியதற்கு விலையும் உண்டு. மதியம் சூடாகக் கிடைத்த சத்துணவு நின்று, அரிசியும் பருப்புமாக வீட்டுக்கு வந்தது. கோர்வைச் சேலைக்குக் கரை கோக்க நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பள்ளி இல்லாத பிள்ளை அங்கே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது எவ்வளவு கடினம் என்பது காஞ்சிபுரத்துக்குத் தெரியும். பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குத் திருப்ப இந்த மாவட்டம் பல வருடம் பாடுபட்டிருக்கிறது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதம் கழித்து!

மூச்சுக் கணக்கு

தொடக்கத்தில் கிருமி கையில் இருக்கிறது, மேஜையில் இருக்கிறது என்று தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினோம். கை கழுவுவது நல்லதுதான். வயிற்றுப்போக்கைத் தடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் கொரோனா, சளிக்காய்ச்சல், தட்டம்மை, காசநோய் எல்லாம் முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுபவை. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். பேசும்போதும் சத்தமாகப் பாடம் ஒப்பிக்கும்போதும் வெளிவரும் நுண்துளிகள், ஊதுபத்திப் புகை மாதிரி அறையில் மிதந்துகொண்டே இருக்கும். மூன்றடி, ஆறடி என்று வட்டம் போட்டாலும் புகை வட்டத்துக்குள் நிற்காது.

நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கரியமில வாயு. பத்து லட்சத்துக்கு 40,000 பங்கு. வெளிக்காற்றில் அது 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. ஆகவே அறைக்குள் அந்த வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தால், நாம் இழுக்கும் காற்றில் மற்றவர்கள் விட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 800 பங்கு என்றால் நூறில் ஒரு பங்கு அடுத்தவர் மூச்சு. ஜன்னல் சாத்திய, நெருக்கமான அறையில் 2,000 தொட்டால், ஏறக்குறைய 25 மூச்சில் ஒரு மூச்சு பிறர் விட்டது. அதில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 800-க்குள் வைத்துக்கொள்வது நல்ல இலக்கு. இதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு. பஞ்சாயத்துக்கு ஒன்று வாங்கி எல்லாப் பள்ளிகளும் சுற்றில் வைத்துக்கொள்ளலாம்.

கருவி இல்லையென்றால் ஊதுபத்தி போதும். பிள்ளைகள் இல்லாத நேரம் வகுப்பறை நடுவில் ஒன்றைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு ஜன்னல் வழி வந்து எதிர் ஜன்னல் வழி புகை வெளியேறினால் நல்ல அறை. சுழன்று சுழன்று உத்தரத்தில் தேங்கினால், மின்விசிறி அதே காற்றைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருக்கும் அறையில், கதவைத் திறந்துவைத்து, மேலே ஒரு வெளியேற்றும் விசிறி போட்டால் பெரிய மாற்றம் தெரியும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளியானால் லாரி இரைச்சலுக்கு ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றும். அங்கே சாலைப் பக்கத்தைச் சாத்தி, பின்பக்கத்தைத் திறக்கலாம்.

1904-இல் ஜெர்மனியின் சார்லோட்டன்பர்க்கில் காசநோய் அபாயத்திலிருந்த குழந்தைகளுக்காக மரத்தடியில் பள்ளி நடத்தினார்கள். நமக்கு அது புதுமை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூன்று பக்கமும் காற்றுதான். ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இதே திருப்புட்குழியில் என்பார்கள். அந்தப் பாடம் நடந்த இடத்தில் கண்ணாடி ஜன்னல் இருந்திருக்காது.

முழு வருகைப் பரிசு

எனக்குத் தெரிந்து நம் பள்ளிகளில் தொற்றுக்கே பரிசு கொடுக்கும் ஒரு பழக்கம் உண்டு, நோக்கம் என்னவோ நல்லதுதான்: வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு எடுக்காத மாணவனுக்கு ஆண்டு விழாவில் டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸுக்காகக் காய்ச்சலோடு வரும் பிள்ளை பக்கத்து பெஞ்சில் ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகும். முழு வருகைப் பரிசை நிறுத்தச் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கையெழுத்துக்குக் கொடுக்கட்டும்.

தறி வீட்டின் சங்கடமும் புரிகிறது. கூலி சேலைக் கணக்கு. பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்தால் தறி நிற்கும். அதனால் காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து உடம்பு ஆறியதும் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. மருந்து அடக்கிய காய்ச்சல் போன காய்ச்சல் அல்ல. மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்பலாம். விட்ட பாடத்தை எழுதித் தர ஆசிரியர் ஒப்புக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். அதன்பிறகும் லேசான இருமல் மிஞ்சினால் முகக்கவசம் போட்டு அனுப்புங்கள். கேலி செய்யாமல் இருக்க வகுப்பில் ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூச்சு வேகமாக வாங்குவது, இழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுவது, எதையும் குடிக்க மறுப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல். இதில் ஒன்று தென்பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, ஆலோசனைக்கு 104. குழந்தைக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

எங்கே போய்க் கேட்பது?

2020-இல் அரசு கூப்பிட்டுக் கேட்டது. அடுத்த முறை கூப்பிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழ்நாடு முழுவதும் இவற்றைப் புதிதாக அமைத்தார்கள். பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் உரிமை இந்தக் குழுவுக்கு இருக்கிறது. அங்கே முடியாதது கிராம சபைக்குப் போகலாம். இப்போது வருடத்தில் ஆறு நாள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானமாக ஏறினால் பதில் சொல்லியாக வேண்டும். கல்வித்துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். ‘மாணவர்களின் ஆரோக்கியத்தைக் கருத்தில் கொண்டு காற்றோட்ட வசதி மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதினால் அந்தத் தாள் கோப்பில் தூங்கும். ‘ஏழாம் வகுப்பு அறையின் கிழக்கு ஜன்னல் இரண்டுக்கும் கொக்கி இல்லை, அதனால் சாத்தியே கிடக்கிறது’ என்று எழுதினால் ஒரு தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார். அறை அறையாக நடந்து, இப்படி ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். தலைமை ஆசிரியரை எதிரியாக்காதீர்கள். அவருக்கும் அந்தக் காற்றுதான். தனியார் பள்ளியானால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், கட்டணப் பேச்சு தொடங்கும் முன்பே இதை எடுத்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் வேறு எதற்கும் நேரம் இருக்காது.

‘தறியை விட்டு யார் போவது’ என்று கேட்பீர்கள். மேலாண்மைக் குழு கூடுவது ஒரு வெள்ளிக்கிழமை. தெருவில் பாவு நீட்டுவது விடியற்காலை வேலை, கூட்டம் பிற்பகலில். இரண்டும் மோதாது.