முதுகைக் காக்கும் துடுப்பு

பிச்சாவரம், பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற உப்பங்கழிப் பகுதிகளில் துடுப்பு வலித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களிடையே முதுகுவலி, தொழிலோடு கூட வந்த பங்காளியாகவே கருதப்படுகிறது. சுற்றுப்பயணத்தின்போது நாம் கண்ட மீனவ அன்பர் ஒருவர், 40 வயதிலேயே வலி தாளாமல் படகினின்றும் இறங்கிவிட்டார். 10-ஆம் வகுப்பில் இருக்க வேண்டிய மகன் துடுப்பேந்தியிருந்தான். அவருடைய படகை நோக்கியபோது, நோயின் காரணத்தில் ஒரு பகுதி அதிலேயே இருப்பது புலப்பட்டது.

அமரும் பலகை மிகத் தாழ்ந்திருந்தது. முழங்கால் இடுப்புக்கு மேல் எழும்படி அமர்ந்தால் இடுப்பு பின்னே சாய்ந்து முதுகு வில்லாக வளைகிறது. அந்நிலையில் வலிக்கும்போது, முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் பெரும் பளுவைத் தாங்க நேரிடுகிறது. ஆகவே இடுப்பு, முழங்காலுக்குச் சற்று மேலாக இருக்குமாறு பலகையை உயர்த்துதல் வேண்டும். மிகையாக உயர்த்தினால் படகு தள்ளாடும். காலை ஊன்ற ஒரு குறுக்குச் சட்டம் அடித்தல் அதனினும் முக்கியம். கால் ஊன்ற இடமில்லாதவர் தம் முதுகையே தூணாக்கி வலிக்கிறார்.

துடுப்பு வலிப்பது கையின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, உடலைத் திருப்பித் துடுப்பை முன்னே நீரில் ஊன்ற வேண்டும். காலை உதைத்து உடல் திரும்பி வரும் வேகத்திலேயே துடுப்பும் வரட்டும். அது இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இழுப்பது நீரைத் தூக்குவதேயன்றிப் படகைத் தள்ளுவதாகாது. அவ்வப்போது பக்கம் மாற்றி வலிப்பதும் நன்று.

படகினுள் தேங்கும் நீரை நம்மவர் பொருட்படுத்துவதில்லை. 15 லிட்டர் குடத்தால் நான்கு குடம் நீர் நின்றால் 60 கிலோ. கூலி கொடாத ஓர் ஆளை ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும்! வலையும் கூடையும் பின்புறமே குவிந்தால் முன்புறம் எழும்பி, காற்று படகைத் திருப்பும். அதை நேராக்க ஒரே பக்கமாக வலித்து வலித்து இடுப்பு நோகும்.

வலி வந்தபின் வாரக்கணக்கில் படுத்தேயிருத்தல் ஏற்றதன்று. இயன்ற அளவு நடமாடுவதே நலம். ஆனால் கால் மரத்தாலோ, வலுக்குன்றினாலோ, சிறுநீர் அடக்க இயலாமற் போனாலோ, எண்ணெய் தேய்த்து நாளைக் கழிக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

படகைக் கரையேற்றுகையில் முதுகு பிடித்துக்கொள்வதும் உண்டு. உருளைக் கட்டைகளும், துறையில் சரிவான மேடையும் இருப்பின் இத்தொல்லை குறையும். மேடை அமைப்பது ஊராட்சி மன்ற அங்கத்தினர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய பணி. பலகையையும் சட்டத்தையும் ஊர்த் தச்சரே ஒரு பகலில் அடித்துத் தருவார். மேற்சொன்ன அன்பரிடம் அவ்வாறே செய்யச் சொல்லி வந்திருக்கிறோம்; மகனைப் பள்ளிக்கு அனுப்புமாறும்.