வெறியாட்டின் மீட்சி: சீன நாட்டிலும் திருகோணமலைக் கரையிலும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் சைவ வழிபாடு இரு நெறிகளில் நிகழ்கின்றது. கோணேசர் திருக்கோயிலில் ஆகம முறைப்படி அந்தணர் பூசை ஆற்றுவர். சாம்பல்தீவுப் பக்கத்துச் சல்லி முத்துமாரியம்மன், தம்பலகாமத்துப் பாலம்போட்டாற்றுப் பத்தினியம்மன், மூதூர்ப் பகுதியிற் சம்பூர்ப் பத்திரகாளி முதலிய அன்னையரைச் சூழ்ந்து வளர்ந்த வழிபாட்டிலோ பொங்கலும் மடையும் நேர்த்தியும் முதன்மை பெறும். கிழக்குக் கரையின் அம்மன் சடங்குகளில் உடுக்கும் பறையும் முழங்க, வேப்பிலை ஏந்தி நிற்கும் ஒருவர்மேல் தெய்வம் இறங்கும் என்பது மக்கள் நம்பிக்கை. இதனை உருவேறல் என்றும், கலை வருதல் என்றும், சன்னதம் என்றும் வழங்குவர். உருவேறியவர் முதலில் ஆடுவர். பின்னர், சூழ நிற்போர் கேட்க வாக்குச் சொல்வர்.

இம்மரபின் தொன்மையைத் தமிழ் கற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சங்கச் செய்யுட்களில் வேலன் வெறியாடுகின்றான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் சாலினி தெய்வமுற்று நின்று கண்ணகியைப் புகழ்கின்றாள். அந்நூலின் இறுதிக் காதையில் தேவந்திமேல் பாசண்டச் சாத்தன் ஏறி நின்று பேசுகின்றான். இலங்கை வேந்தன் கயவாகுவும் கண்ணகி வழிபாட்டோடு அங்கேயே பேசப்படுகின்றான். ஆயினும் நவீனக் கல்வி பெற்றோருட் பலர் இவ்வழக்கைப் பழமையின் எச்சமாகவே கருதினர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெருகப் பெருக இஃது ஒழியும் என எதிர்பார்த்தனர். ஒழியவில்லை. கடந்த நூற்றாண்டின் இறுதியில் அது வலுப்பெற்றது. காரணம் யாது என்பதே வினா. இவ்வினா இதனினும் பேரளவில் எழுந்த நாடு சீனம்; ஆதலின் அந்நாட்டு வரலாற்றை முதலில் நோக்குதல் தகும்.

சீன மொழியில் 'வூ' என்பது தெய்வமேறி ஆடுவோரைக் குறிக்கும் பழஞ்சொல். கி. பி. 100 ஆம் ஆண்டளவில் சூ சென் என்பார் தொகுத்த எழுத்தகராதி, வடிவமற்றதற்குத் தொண்டு செய்து ஆடலால் தெய்வத்தை இறங்கச் செய்யும் பெண் என அச்சொல்லுக்குப் பொருள் தருகின்றது. வெறியாட்டைக் கண்டறிந்த தமிழர்க்கு இவ்விளக்கம் அயலாகத் தோன்றாது. தென்கிழக்கே பூக்கியன் மாநிலத்தில் இத்தகையோர் 'தாங்கி' எனப்படுவர். குறி உரைக்கும் சிறுவன் என்பது அதன் பொருள். தெய்வத்தைத் தாங்குவோன் எனத் தமிழர் கொள்வது எளிது; ஆனால் ஒலியொப்புமை அன்றி இரு சொற்களுக்கும் வேறு உறவில்லை.

இம்மரபினை ஒழிக்கத் தொடங்கியோர் பொதுவுடைமையர் அல்லர் என்பது பலர் அறியாதது. 1898 ஆம் ஆண்டிலேயே காங் யூவெய் என்னும் சீர்திருத்தப் பேரறிஞர் ஊர்க் கோயில்களைப் பள்ளிகளாக்க வேண்டுமென மன்னனுக்கு விண்ணப்பித்தார். 1928 இல் தேசியவாத அரசு, எத்தெய்வங்களைப் பேணலாம், எவற்றை நீக்க வேண்டும் என வரையறுத்து விதிகள் வெளியிட்டது. 1949 இன் பின் வந்த ஆட்சி இதனையே கடுமையாக்கியது. வடகிழக்குக் காடுகளில் வாழும் வேட்டைக் குடியினரான ஒரோச்சென் மக்கள் 1952 இல் மூன்று இரவுகள் கூடித் தம் தெய்வங்களை அழைத்து, இனி வாரற்க என வேண்டி வழியனுப்பிவைத்தனர். வருக என அழைக்கும் பாட்டே எங்கும் உண்டு. போய்விடுக என இரந்து நின்ற சடங்கு உலக வரலாற்றில் அரிது. அம்மக்களின் இறுதி வெறியாடியான சுவொன்னசுவான் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியிற் கோயில்கள் இடிபட்டதும் தெய்வமாடுவோர் ஊர்நடுவே இழிவுபடுத்தப்பட்டதும் நன்கறியப்பட்டவை.

1978 இன் பின் ஆட்சிக் கொள்கை தளர்ந்தபோது கோயில்கள் மீண்டும் எழுந்தன. ஆயினும் அத்தளர்ச்சி அனைவர்க்கும் ஒப்ப அமையவில்லை. பௌத்தம், தாவோ நெறி, இசுலாம், கத்தோலிக்கம், புரொட்டஸ்தாந்தம் ஆகிய ஐந்துமே அரசு ஏற்ற சமயங்கள். 1979 ஆம் ஆண்டுக் குற்றவியற் சட்டம், மூடநம்பிக்கையைக் கருவியாக்கி வதந்தி பரப்பியும் பொருள் பறித்தும் வரும் மந்திரக்காரரைத் தண்டிக்கத் தனிப் பிரிவே வைத்திருந்தது. ஆகவே தெய்வமாடுவோர் சமயமென்னும் வாயிலால் நுழைய இயலவில்லை. பண்பாடு என்னும் வாயிலால் நுழைந்தனர். மஞ்சு இனக் குடும்பங்களின் முன்னோர் வழிபாட்டு ஆடல்கள் மரபுச் செல்வமாகப் பதிவாயின. 2009 இல் கடலன்னை மாசுவின் வழிபாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

மாசுவைப் பற்றிச் சிறிது விரித்தல் துறைமுக ஊரார்க்கு ஏற்கும். மெய்சோ தீவில் 960 ஆம் ஆண்டிற் பிறந்த லின் குலப் பெண் எனவும், கடலில் அல்லற்படுவோரைக் காக்கின்றவள் எனவும் அவளைச் சீனர் போற்றுவர். 1150 ஆம் ஆண்டைச் சேர்ந்த கோயிற் குறிப்பொன்று, அவள் முதலில் வூத் தொழில் புரிந்து மக்கட்கு வரும் நன்மை தீமைகளை முன்னறிந்து உரைத்தவள் என்கின்றது. தெய்வமேறி ஆடிய பெண்ணே தெய்வமானாள். அவளை வணங்கிக் கலமேறிய செங் ஹே என்னும் கடற்படைத் தலைவரே 1409 ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்லை இலங்கைக்குக் கொணர்ந்தவர். 1911 இல் காலி நகரில் அக்கல் கண்டெடுக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறும். சீனத் தலைவன் தமிழில் எழுதித் தமிழர் போற்றிய தெய்வத்துக்குக் கொடையளித்த அக்காலத்தில், எது சமயம், எது மூடநம்பிக்கை என்னும் பாகுபாடு இவ்விரு மக்களிடையேயும் இன்றைய வடிவில் இருந்ததில்லை.

மரபுச் செல்வம் என்னும் பெயரால் வரும் வாழ்வு அரைவாழ்வே. அரசு ஏற்பது பறையையும் உடையையும் ஆடலையும், வாக்கினை அன்று. மேடையில் ஆடுபவரிடம் தன் மகன் எங்கே எனக் கேட்பார் எவருமிலர். ஊர்ப்புறத்தில் மீண்டெழுந்த வெறியாட்டுக்கோ அக்கேள்வியே உயிர். யுன்னான் மாநிலத்து மலையூர் ஒன்றில் லோலோப்போ என்னும் மக்களிடையே 1990 ஆம் ஆண்டுகளில் ஆய்வு செய்த எரிக் மியூக்ளர், 2001 இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவுறக் காட்டினார். 1958 முதல் மூன்றாண்டுகளுக்கு மேலாக நிலவிய பெரும் பஞ்சத்தில் இறந்தோர்க்கு முறையான ஈமச் சடங்கு நிகழவில்லை. பின்வந்த கொந்தளிப்பில் மாண்டோர்க்கும் அவ்வாறே. அடக்கமின்றி அலையும் அவர்கள் வாழ்வோரைப் பற்றி நோயுறச் செய்கின்றனர் என மக்கள் நம்பினர். அக்காலப் பகுதியையே காட்டுப் பேய்களின் காலம் என்றனர். அவர்களை அழைத்து, பெயர் சொல்லி, உணவிட்டு, வழியனுப்ப ஆள் வேண்டியிருந்தது. ஆட்சியாளர் வெளிப்படப் பேசவொட்டாத சாவுகளைச் சடங்கு பேசிற்று.

இனித் திருகோணமலைக் கரைக்கு மீள்வோம். இங்கும் முதற் கண்டனம் அரசிடமிருந்து வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பலியிடுதலையும் கண்ணகி வழிபாட்டையும் சைவத்துக்குப் புறம்பென மறுத்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல ஆகமத் தெய்வப் பெயர்களைப் பூண்டன. காங் யூவெய்க்கும் நாவலர்க்கும் கொள்கையால் ஒற்றுமை சிறிதே. எனினும் மிசனரிமார் முன்னிலையில் தம் முன்னோர் நெறி இகழப்படலாகாது என்னும் கவலை இருவர்க்கும் பொது. கிழக்குக் கரையில் அச்சீர்திருத்தம் முழுமையாகச் செல்லவில்லை. கண்ணகி வழக்குரை பாடுதலும் குளிர்த்திச் சடங்கும் நிலைத்தன. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் தமிழ் பேசி வாழும் வேடரிடையே, கடல் கடந்து கப்பலில் வந்த ஆவிகளை அழைத்தாடும் சடங்கு வழங்கியதனைச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளனர். கப்பற் பேய் என்பது அவ்வாவிகளின் பெயர். துறைமுகத்துக்கு வந்த கலங்கள் சரக்கை மட்டும் இறக்கிச் செல்லவில்லை போலும்.

பின்னர்ப் போர் வந்தது. 1983 முதல் 2009 வரையான அக்காலத்தில், சிறப்பாக 1990 இன் பின், கிழக்கில் எண்ணிறந்தோர் பிடித்துச் செல்லப்பட்டு மீளவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் ஆய்வு செய்த பற்றீசியா லோரன்சு என்னும் அமெரிக்க மானிடவியலார், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் திரண்டவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவியரும் என எழுதினார். அவர்கள் கேட்டது ஒன்றே: அவன் இருக்கின்றானா, இல்லையா? காவல் நிலையமும் முகாமும் மறுமொழி தராதபோது, உருவேறிய பெண்ணொருத்தி மறுமொழி தந்தாள். சில வேளை காணாமற்போனவன் பட்ட துன்பத்தைத் தன் உடலாலேயே நடித்துக் காட்டினாள். அக்காலத்தில் வெளிப்படையாக அழுவதும் இடருக்குரியது. அம்மன் முன் அழுவார்க்குத் தடையில்லை.

சைவ ஈமநெறியை அறிந்தோர்க்கு இக்கேள்வியின் கனம் புலப்படும். உடலின்றித் தகனம் இல்லை. இறந்த நாள் அறியாமல் அந்தியேட்டி இல்லை. ஆண்டுத் திவசத்துக்குத் திதி இல்லை. மனைவி பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்பதற்கும் விடையில்லை. அழித்தால் கணவனைத் தானே கொன்றவளாவாள். வைத்திருந்தால் ஊர் ஒருவிதமாக நோக்கும். ஆகமம் இறந்தோர்க்குக் கடன் செய்யும். இறந்தாரோ எனத் தெரியாதவர்க்கு அதனிடம் விதி காண்பது அரிது. வெறியாட்டு அவ்விடத்தில் நின்றது.

இதனைக் குறை கூறுவோர் சொல்வனவற்றிலும் உண்மை உண்டு. பணம் பறித்தோர் இருந்தனர். உயிரோடு இருக்கின்றான் என்னும் வாக்கு சிலரைப் பல்லாண்டுகள் காத்திருக்க வைத்தது. அது கருணையா கொடுமையா என்று துணிவது எளிதன்று. ஆனால் அறியாமையே இம்மரபின் வேர் என்னும் கூற்று பொருந்தாது. வாக்குக் கேட்டோருட் படித்தவரும் இருந்தனர், கிறித்தவரும் இருந்தனர். அவர்கட்கு வேறெங்கும் விடை கிடைக்கவில்லை.

சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, பல்லாண்டு முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிற் காணிகள் விடுவிக்கப்பட்ட பின் ஊர் மீண்டனர். அதே 2016 இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. இறப்புச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பத்தார் காணப்படாமைச் சான்றிதழ் பெறவும் வழி செய்யப்பட்டது. இருக்கின்றான் என்றும் சொல்லாமல், இறந்தான் என்றும் சொல்லாமல், அரசு எழுதிக் கொடுக்கும் தாள் அது. கடைசியாகக் கண்ட நாள், இடம், உடுத்திருந்த உடை முதலியவற்றைத் தாய்மார் அதிகாரிகளிடம் சொல்லி முடித்தனர். அம்மன் முன் செல்வோர் கேட்கும் கேள்வி வேறு: அவன் பசித்திருக்கின்றானா?