எந்தக் கூட்டத்துக்குப் போவது?

தேனிப் பக்கம் எங்கள் கூடலூரில் ஒருவன் குடிப்பது செய்தியே இல்லை. விடப் பார்க்கிறான் என்றால்தான் ஊர் பேசும். "ஆஸ்பத்திரில கிடந்துட்டு வந்தானாம்ல" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால், மத்தியானத்துக்குள் லோயர் கேம்ப் வரை போய்விடும். நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். விடியுமுன் தூக்குவாளியோடு வண்டியில் ஏறும் அக்காமார் அத்தனை பேருக்கும் என் வீட்டுச் சண்டை மனப்பாடம். குடியை விட நினைப்பவர்களின் ஏ.ஏ. கூட்டம் தெருவிலேயே நடந்திருந்தாலும் அப்போது நான் எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். அதனால் மதுரைக் கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. குடியால் சீரழிந்த பில் என்ற பங்கு வியாபாரியும் பாப் என்ற டாக்டரும் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதுதான் ஆரம்பம். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. சேரக் கட்டணம் கிடையாது. குடியை விட ஆசை இருந்தால் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம். அப்பா பேர், தெரு, சாதி எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்கூட மூன்றாவது கேள்வியில் இதையெல்லாம் கேட்டுவிடுவார். அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடித்தது.

ஆனால் முதலில் உட்கார்ந்த குழு எனக்கு ஒட்டவில்லை. நல்ல மனுஷர்கள்தான். எல்லாரும் ஆபீஸ்காரர்கள், பேச்சு புரமோஷன், டிரான்ஸ்ஃபர் என்றே ஓடியது. அதே ஊரில் இன்னொரு குழுவுக்கு மாறினேன். பிளாஸ்டிக் சேர், பேப்பர் கப்பில் டீ. ஒருவர் எழுந்து பேர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. "இந்த வாரக் கூலியப் பிரிக்காம அப்பிடியே வீட்டுக்காரி கையில குடுத்தேன். அவ எண்ணல, என்னையத்தான் பாத்தா" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த லாரி டிரைவரிடம் டீ குடிக்கும்போது, "ராத்திரி வண்டியை நிறுத்துனா தூக்கம் வர என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன். இன்றைக்கும் கை பரபரத்தால் அவருக்குத்தான் போன் போடுகிறேன். ஏ.ஏ.வில் இப்படி வழித்துணையாக இருப்பவரை ஸ்பான்சர் என்பார்கள்.

கூட்டம் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று. திறந்ததற்கு மனைவியோ அண்ணன் தம்பியோ கூட வரலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். அடுத்தது நேரம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறது. கையில் கூலி விழுகிற நாளில், அந்தச் சாயங்கால வேளையில் நடக்கும் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைக் கூட்டம் சனி இரவுக்கு உதவாது. திரும்பி வர பஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ.ஏ.வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும். அவரவர் நம்பும் சக்தி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மதத்தில் சேர் என்றோ, காசு கொடு என்றோ, டாக்டர் மாத்திரையை நிறுத்து என்றோ யாராவது சொன்னால் அங்கே உட்காராதீர்கள்.

டாக்டர் விஷயத்தில் விளையாட வேண்டாம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் மனநல டாக்டரைப் பாருங்கள். கூட்டம் அதற்கு அப்புறம், வருஷக்கணக்குக்கு. 27 ஆய்வுகளை அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க ஏ.ஏ. வழி மற்ற சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததல்ல, பல சமயம் மேல் என்றே சொன்னது.

வீட்டுக்காரர்களுக்கும் தனிக் கூட்டம் உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். அவர் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடம் கொடுத்தது. புருஷன் விடாவிட்டாலும் மனைவி அல்-அனானுக்குப் போகலாம். இது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தெரியாது.

மதுரைக்கு எத்தனை நாள் ஓட முடியும்? போக மூன்று மணி நேரத்துக்கு மேல், பஸ் காசு போச்சு, ஒருநாள் சவாரியும் போச்சு. குடியை விட நினைக்கும் இருவர் சேர்ந்தாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ. வழக்கம். கூச்சம் கொஞ்சம் விட்டதும் கம்பத்தில் ஒரு மாடி அறையில் சிலர் கூடத் தொடங்கினோம். என்னை அடையாளம் கண்ட ஒருவர் வாசலில் தயங்கினார். "வாங்க சித்தப்பா, நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

பத்திரிகையில் பெயரும் படமும் போடக்கூடாது என்பது ஏ.ஏ. மரபு, அதனால் இதில் என் பெயர் இல்லை. உங்கள் பக்கம் உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்க 14446 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. குடிப்பவர் பேச மறுத்தால் வீட்டில் இருப்பவர் பேசுங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், அடுத்ததை விசாரியுங்கள்.